எட்டு மணி நேரமும் டைம்ஷீட்டும்

"ஐடி கம்பெனிக்கு லேபர் லா எல்லாம் கிடையாதுப்பா." வேலைக்குச் சேர்ந்த புதிதில் யாராவது ஒரு சீனியர் இதைச் சொல்வார். சில வருடம் போனால் புதிதாக வருபவர்களிடம் நாமே சொல்லிக்கொண்டிருப்போம். எந்தச் சட்டம், எப்போது விலக்கு கொடுத்தார்கள் என்று கேட்டால் யாரிடமும் பதில் இருக்காது. சென்னையில் இந்தத் துறையில் குப்பை கொட்டிக்கொண்டிருக்கும் நானும், 2014 கடைசியில் ஆட்குறைப்புப் பேச்சு பெரிதாகக் கிளம்பியபோதுதான் சட்டத்தை எடுத்துப் படித்தேன்.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947. பெயரைப் பார்த்தால் ஜவுளிக்கடைக்காக எழுதியது போலிருக்கும். ஆனால் வணிக அலுவலகங்களும் அதற்குள் அடக்கம். நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். ஓவர்டைம் சேர்த்தாலும் நாளைக்கு 10, வாரத்துக்கு 54 என்பதுதான் உச்சவரம்பு. அந்த ஓவர்டைமுக்குச் சம்பளம் இரண்டு மடங்கு. தொடர்ந்து நான்கு மணி நேரம் வேலை பார்த்தால் ஒரு மணி நேர இடைவேளை தர வேண்டும் என்றுகூட எழுதி வைத்திருக்கிறார்கள்.

2023இல் இன்ஃபோசிஸ் நாராயணமூர்த்தி, இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று சொன்னபோது எங்கள் கேன்டீனில் ஒரு வாரம் அதே பேச்சு. உழைப்பு, சோம்பல், நாட்டு முன்னேற்றம் எல்லாம் வந்தது. 54 மட்டும் வரவில்லை. அதே வருடம் ஏப்ரலில், தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்து நின்றதில், மே தினத்தன்று அதைத் திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். "பாவம் ஃபேக்டரிக்காரங்க, நல்லவேளை தப்பிச்சாங்க" என்று பேசிவிட்டு நாங்கள் இரவு பத்தரை மணி கான்ஃபரன்ஸ் காலுக்குப் போய் உட்கார்ந்தோம்.

சட்டம் இருந்தும் ஏன் இப்படி என்றால், என் கணிப்பில் முதல் காரணம் டைம்ஷீட், அதாவது எத்தனை மணி நேரம் வேலை பார்த்தோம் என்று நாமே பதியும் கணக்கு. அந்த மென்பொருளில் ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் போட்டால் கட்டம் சிவப்பாகிவிடும், மேனேஜர் அப்ரூவல் கேட்கும். அவரிடம் போனால், "கிளையன்ட்டுக்கு எட்டுதானே பில் பண்றோம், எட்டே போட்டுடு" என்பார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஃப்ளோர் முழுக்க 8, 8, 8, 8, 8 என்று அடித்து சப்மிட் கொடுப்போம். சனிக்கிழமை ரிலீசுக்கு, அதாவது மென்பொருளின் புதுப் பதிப்பை வெளியிடுவதற்கு, வந்தது எந்தக் கட்டத்திலும் இருக்காது. நாளைக்கு ஒரு தொழிலாளர் ஆய்வாளர் வந்து கணக்கைக் கேட்டால், வாரம் நாற்பது மணி நேரம்தான் என்று நாங்களே கைப்பட எழுதிக் கொடுத்த பதிவு தயாராக இருக்கிறது.

நிஜக் கணக்கு கம்பெனியிடம் இல்லாமல் இல்லை. வாசலில் கார்டைத் தேய்க்கும் ஒவ்வொரு முறையும் பதிவாகிறது. மாதச் சராசரி ஒன்பது மணி நேரத்துக்குக் கீழே இறங்கினால் ஹெச்ஆரிடமிருந்து தானாகவே மெயில் வந்து விழும். பன்னிரண்டைத் தாண்டியவருக்கு அப்படி ஒரு மெயில் வந்து நான் பார்த்ததே இல்லை.

சப்போர்ட் டீமில் ஒரு பெண் இருந்தார். ஒரு வாரம் உண்மையான நேரத்தையே டைம்ஷீட்டில் போட்டார். மேனேஜர் கூப்பிட்டு, "என்னங்க, பதினொன்றரை போட்டிருக்கீங்க?" என்றார். "அவ்வளவு நேரம்தான் பார்த்தேன்." சட்டம் பேசவில்லை, குரலும் உயரவில்லை. அடுத்த வாரமும் அப்படியே போட்டார். மேனேஜர் அதை ரிஜெக்ட் செய்தால் ஏன் என்று காரணம் எழுத வேண்டும், அது மேலே போகும். கொஞ்ச நாளில் இரண்டாவது ஷிஃப்டுக்குத் தனியாக ஒரு ஆளைப் போட்டார்கள். எல்லாருக்கும் இது நடக்கும் என்று சொல்ல மாட்டேன். அந்தப் பெண் இல்லாவிட்டால் அவர் பார்த்துக்கொண்டிருந்த மென்பொருளே நின்றுவிடும் என்பது மேனேஜருக்கு நன்றாகத் தெரியும்.

சரி, நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இந்த நேர வரம்பு பொருந்தாது. அதனாலோ என்னவோ, எங்கள் துறையில் சம்பள உயர்வைவிடப் பதவிப் பட்டம் தாராளமாகக் கிடைக்கும். அசிஸ்டென்ட் மேனேஜர் என்று போட்டிருப்பவர் காலையிலிருந்து டேட்டாபேஸிலிருந்து விவரம் எடுக்கும் எஸ்க்யூஎல் க்வெரி எழுதிக்கொண்டிருப்பார். ஒருவருக்கு அரை நாள் லீவ் கொடுக்கும் அதிகாரம்கூட இருக்காது. நீதிமன்றங்கள் பதவிப் பெயரை வைத்து முடிவு செய்வதில்லை, பார்க்கும் வேலையைத்தான் பார்க்கின்றன. 1947ஆம் வருடத் தொழில் தகராறுகள் சட்டத்திலேயே தொழில்நுட்ப வேலை செய்பவரும் தொழிலாளர்தான். அதன் இடத்துக்கு வந்த 2020இன் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் அது மாறவில்லை. ஐடி ஊழியர்கள் சங்கம் வைத்துக்கொள்ளத் தடையில்லை என்று தமிழக அரசு 2016இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. எங்கள் ஆட்களுக்குத் தொழிலாளர் என்ற பெயரே கொஞ்சம் கூச்சம், அதை எந்தச் சட்டமும் சரிசெய்ய முடியாது.

விடுப்பு விஷயத்தில் அவ்வளவு குறை சொல்ல முடியாது. ஒரு வருடம் முடித்தவருக்குச் சம்பளத்தோடு 12 நாள், உடல்நலக் குறைவுக்கு 12 நாள், தற்செயல் விடுப்பு 12 நாள் என்று அந்தக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் சொல்கிறது. இது தவிர 1958ஆம் வருடத் தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டப்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கோடு ஐந்து பண்டிகை நாட்கள். அந்த நாளில் வேலைக்குக் கூப்பிட்டால் இரட்டைச் சம்பளம், அல்லது அன்றையச் சம்பளமும் பதிலுக்கு ஒரு விடுமுறையும். கிளையன்ட் காலண்டரில் மே 1 இல்லை என்பது இதற்குப் பதிலாகாது. காம்ப்-ஆஃப் என்று பதில் விடுமுறை தருகிறார்கள்தான்; முப்பது நாளில் எடுக்காவிட்டால் காலாவதி, அந்த முப்பது நாளும் ரிலீஸ் நெருக்கடி.

லீவ் கிடைத்த பிறகுதான் அடுத்த தொல்லை. "லீவ்தான், ஆனா லேப்டாப்பைக் கையோட வச்சுக்கோங்க" என்பார்கள். வேலை நேரம் முடிந்ததும் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை பிரான்சில் 2017 முதல் சட்டத்தில் இருக்கிறது. இங்கே 2018இல் எம்.பி. சுப்ரியா சுலே மக்களவையில் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தார்; அது சட்டமாகவில்லை. அதனால் இப்போதெல்லாம் லீவுக்கு முந்தைய நாள் லேப்டாப்பை ஆஃபீஸ் லாக்கரில் வைத்துப் பூட்டி, யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்று ஒரு மெயில் போட்டுவிட்டுக் கிளம்புகிறேன். மேனேஜருக்கு இதில் வருத்தம்தான். ஆனால் சிஸ்டத்தில் அந்த லீவை அப்ரூவ் செய்தவர் அவரேதான்.