மிக்ஸர் மாற்றும் முன் கீசர் லைனை அடைத்த அனுபவம்

பாத்ரூமில் வால் மிக்ஸர், அதாவது வெந்நீரையும் பச்சைத் தண்ணீரையும் கலந்து தரும் சுவர்க் குழாய், மாற்றுவதில் ஸ்பேனர் வேலை கொஞ்சம்தான். தண்ணீரை, அதிலும் வெந்நீரை, ஒழுங்காக அடைப்பதில்தான் நேரம் போகிறது.

எங்களுடையது சென்னையில் ஒரு பழைய அபார்ட்மென்ட். போர் தண்ணீர் உப்பு. மிக்ஸரின் வெந்நீர்க் குமிழைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகப் படிந்து, உள்ளே சுழலும் தண்டான ஸ்பிண்டில் இறுகி, மூடினாலும் சொட்டிக்கொண்டே இருந்தது. ஒரே 25 லிட்டர் கீசர்தான் இரண்டு பாத்ரூமுக்கும்.

மொட்டைமாடி வால்வை மூடினால் தீர்ந்தது என்று பலரும் சொல்வார்கள். எங்கள் தொட்டிக்கு அடியில் வரிசையாகக் கேட் வால்வுகள். எது யார் வீட்டுக்குப் போகிறது என்று ஒன்றிலும் எழுதியில்லை. நம்முடையதைக் கண்டுபிடித்து மூடினாலும் முழுசாக அடைக்காது, லேசாகப் பாஸ் ஆகும், அதாவது தண்ணீர் கசியும். பலத்தைக் காட்டித் திருகி அது கையோடு வந்துவிட்டால் மொத்த அபார்ட்மென்ட்டுக்கும் பதில் சொல்லவேண்டும். ஆகவே வீட்டுக்குள்ளேயே அடைப்பது என்று முடிவு.

முதல் நாள் ராத்திரியே கீசர் சுவிட்சை அணைத்து, மெயின் போர்டில் அதற்கான எம்சிபி பிரேக்கரையும் இறக்கி, சுவிட்ச் மேல் டேப் ஒட்டிவிட்டேன். அம்மா விடியற்காலையில் கீசர் போடுகிறவர். "ஒரு நாள் அடுப்புல வெச்சுக்கறேன்டா, அதுக்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம்?" என்றார். கீசருக்குள் தண்ணீர் இல்லாத நேரத்தில் யாராவது சுவிட்சைத் தட்டினால் எலிமென்ட் கருகிவிடும், ஆர்ப்பாட்டம் அதற்குத்தான்.

ஸ்டோரேஜ் கீசரில் வெந்நீர் தானாக இறங்கி வருவதில்லை. அடிப்பக்கம் பச்சைத் தண்ணீர் நுழைந்து தள்ளினால்தான் மேலே நிற்கும் வெந்நீர் வெளியேறும். எனவே மூட வேண்டியது கீசருக்குள் தண்ணீர் போகும் பக்கத்து ஆங்கிள் காக், சுவரில் இருக்கும் சின்ன வால்வு. வருடக்கணக்கில் யாரும் தொடாததால் அது அசையவில்லை. ஒரு ஸ்பேனரால் அதன் உடம்பைப் பிடித்துக்கொண்டு, கைப்பிடியை முன்னும் பின்னுமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினேன். அப்படிப் பிடிக்காமல் முறுக்கினால் சுவருக்குள் இருக்கும் சிபிவிசி பிளாஸ்டிக் குழாயின் ஜாயின்ட் விட்டுவிடலாம். அப்புறம் டைல்ஸை உடைக்காமல் வேலை நடக்காது. இந்த பாத்ரூமின் பச்சைத் தண்ணீருக்கு சுவரிலேயே ஸ்டாப் காக் இருந்தது, அது சமர்த்தாக மூடியது.

மூடிவிட்டோம் என்று உடனே நட்டில் கை வைக்கவில்லை. மிக்ஸரின் வெந்நீர்க் குமிழைத் திறந்து பார்த்தேன். முதலில் வெதுவெதுப்பாகக் கொட்டி, மெலிந்தது. ஆனால் நிற்கவில்லை, பென்சில் கனத்துக்கு ஓடிக்கொண்டே இருந்தது. ஆங்கிள் காக் பாஸ் ஆகிறதோ என்றுதான் நினைக்கத் தோன்றும். ஆனால் வருவது சில்லென்று இருந்தது. கீசருக்குள் முந்தைய நாள் வெந்நீர் இன்னும் ஆறவில்லை. காக் கசிந்திருந்தால் அந்தச் சூடுதான் வெளியே வரவேண்டும். அப்படியென்றால் இந்தத் தண்ணீர் கீசர் வழியாக வரவே இல்லை.

அடுத்த பாத்ரூமுக்குப் போனேன். அங்கே டெலிபோன் ஷவரைக் கைப்பிடியில் இருக்கும் பட்டனால் நிறுத்திவிட்டு, மிக்ஸரின் இரண்டு குமிழையும் திறந்தபடியே விட்டிருந்தார்கள். வெளியேற வழியில்லாத பச்சைத் தண்ணீர் மிக்ஸருக்குள்ளேயே தாண்டி, வெந்நீர் லைனில் ஏறி, இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தது. இரண்டு குமிழையும் மூடியதும் சொட்டு நின்றது. இந்த ஷவர்களில் பட்டனை மட்டும் அமுக்கிவிட்டுப் போகும் பழக்கம் எனக்குப் பிடிப்பதே இல்லை, ஆனால் வீட்டில் என் பேச்சு எடுபடுவதில்லை.

கழற்றியபோது ஒரு டம்ளர் தண்ணீர்தான் விழுந்தது. இடையில் வாஷர் வாங்கக் கடைக்குப் போகவேண்டியிருந்ததால் இரண்டு வாயிலும் அரை இஞ்ச் பிளாஸ்டிக் டம்மியை, அதாவது அடைப்பு மூடியை, திருகிவிட்டுப் போனேன். புது மிக்ஸர் ஏறியது. மிக்ஸரைச் சுவர்க் குழாயோடு இணைக்கும் லெக்கில் டெஃப்ளான் டேப்பை மரை போகும் திசையிலேயே சுற்றினேன்.

தண்ணீர் திறக்கும்போது மிக்ஸர் மூக்கில் இருக்கும் வலையைக் கழற்றி வையுங்கள். ஆங்கிள் காக்கைத் திறந்து வெந்நீர்க் குமிழை முழுதாக விட்டதும் புஸ்ஸென்று காற்றும், உப்புச் சில்லுகளும் துப்பின. விட்டுவிட்டு வருவது நின்று சீராகக் கொட்டிய பிறகே எம்சிபியை ஏற்றினேன். தண்ணீர் சூடானதும் வெந்நீர்ப் பக்கத்து நட்டில் ஒரு துளி கட்டியது. கால் சுற்று இறுக்கினேன், காய்ந்துவிட்டது.