பெரம்பூர் பின்னி மில்: இடிப்பதற்குள் பார்த்துவிட்டேன்

இந்த இடத்தை நீங்கள் எல்லோருமே பார்த்திருக்கிறீர்கள். கதாநாயகன் அடியாட்களைப் புரட்டியெடுக்கும் பாழடைந்த கோடவுன், கடத்திக்கொண்டு வந்தவரை நாற்காலியில் கட்டிப்போடும் இருட்டு ஷெட், கண்ணாடி உடைந்த ஜன்னல் வழியாக வெயில் கீற்றாக விழும் அந்த நீள மண்டபம். தமிழ்ப் படங்களில் எத்தனையோ சண்டைக் காட்சிகள் எடுக்கப்பட்டது சென்னை பெரம்பூர் பக்கத்து பின்னி மில் என்ற பழைய துணி ஆலையில்தான். 2017-இல், அங்கே சீக்கிரமே அடுக்குமாடிக் குடியிருப்பு வரப்போகிறது, ஷெட்டுகளை ஒவ்வொன்றாக இடிக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் மதுரையிலிருந்து இரவு ரயிலில் கிளம்பிவிட்டேன். பார்த்தும் வந்துவிட்டேன். இன்னும் படபடப்பு அடங்கவில்லை.

எப்படிப் போனேன், எவ்வளவு ஆனது, என்ன பார்த்தேன் என்று வரிசையாகவே சொல்கிறேன்.

சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாக நிலையத்திலிருந்து பெரம்பூருக்கு மின்சார ரயில். டிக்கெட் அப்போது ஐந்து ரூபாய். பேசின் பிரிட்ஜ், வியாசர்பாடி ஜீவா தாண்டினால் பெரம்பூர். தொழிலாளர் தலைவர் ஜீவாவின் பெயர் தாங்கிய நிலையத்தைக் கடந்துதான் பின்னி மில்லுக்குப் போக வேண்டியிருந்தது என்பது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இதுவரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

பெரம்பூரில் இறங்கி ஆட்டோ கேட்டேன். பின்னி மில் என்றதும் ஓட்டுநர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஷூட்டிங்கா சார்? நூற்றைம்பது ஆகும்" என்றார். அந்தத் தூரத்துக்கு மீட்டர் போட்டிருந்தால் முப்பது ரூபாய்ப் பக்கம்தான் ஆகியிருக்கும். 2013-இல் அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கட்டணமே அப்போது இருபத்தைந்து ரூபாய்தான், அது முதல் 1.8 கிலோமீட்டருக்கு. இதைச் சொன்னேன். "மீட்டர் ரிப்பேர்" என்று பதில் வந்தது. அடுத்தவரிடம் கேட்டேன், நூற்றிருபது. அவருக்கும் மீட்டர் ரிப்பேர். வரிசையில் நின்ற அத்தனை வண்டிகளிலும் ஒரே நாளில் மீட்டர் பழுதாகுமா? சினிமாக்காரர்கள் கேட்டதைக் கொடுத்துக் கொடுத்து, பின்னி மில் என்றாலே இந்த விலை என்று ஆக்கிவைத்திருக்கிறார்கள். வெளியூர்க்காரன் தலையிலும் அதே விலையைக் கட்டுவது அநியாயம். எனக்குக் கோபம் வந்துவிட்டது, நடந்தே போனேன். ஸ்ட்ரஹான்ஸ் சாலையை யாரிடம் கேட்டாலும் கைகாட்டினார்கள். அந்த நூற்றைம்பது ரூபாய்க்கு அன்று மாலை நான் என்ன சாப்பிட்டேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

உள்ளே போக அனுமதி வேண்டியிருந்தது. என் கல்லூரி நண்பன் ஒரு படத்தின் கலைப் பிரிவில் வேலை செய்கிறான். அன்று அங்கே செட் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் வந்து கையெழுத்துப் போட்டபிறகுதான் காவலாளி கேட்டைத் திறந்தார்.

முதலில் கண்ணில் பட்டது ஒரு போலீஸ் ஸ்டேஷன். பிளைவுட்டில் செய்தது. சிவப்பு நீலப் பலகை, வாசலில் மணல் மூட்டைகள், எல்லாம் பெயின்ட் வாசனையோடு. அதன் பின்னால் நூறு வருஷத்துச் செங்கல் சுவர். அந்தச் சுவரில் அரசமரம் வேர்விட்டு, செங்கல்லைப் பிளந்துகொண்டு மேலே போயிருந்தது. செட்டுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்த தச்சரிடம் இது முன்பு என்னவாக இருந்தது தெரியுமா என்று கேட்டேன். "ஏதோ கம்பெனி சார்" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். தெரிந்துகொள்ள அங்கே ஒரு பலகைகூட இருக்கவில்லை.

தச்சருக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். 1876-இல் பக்கிங்ஹாம் மில் தொடங்கப்பட்டது, சில வருஷம் கழித்துக் கர்நாட்டிக் மில். இரண்டையும் நடத்தியது பின்னி கம்பெனி. முதல் மில் தொடங்கியபோது சென்னை ஆளுநராக இருந்தவர் பக்கிங்ஹாம் கோமகன், ஊரின் நடுவே ஓடும் கால்வாய்க்கும் அவர் பெயர்தான். 1920-இல் இரண்டு மில்லும் ஒன்றாகி 'பி அண்ட் சி' ஆனது. ராணுவத்துக்குக் காக்கித் துணி இங்கிருந்து போனது. பள்ளிச் சீருடைக்குப் பின்னி துணிதான் எடுக்கவேண்டும் என்று அடம்பிடித்த அம்மாக்கள் நம் ஊரிலும் உண்டு. 1996-இல் மூடினார்கள்.

நெசவு ஷெட்டுக்குள் நுழைந்தபோது எனக்குப் பேச்சே வரவில்லை. கூரை ரம்பத்தின் பல்போல வரிசை வரிசையாக ஏறி இறங்கியது. ஒவ்வொரு பல்லிலும் செங்குத்தான பக்கம் வடக்கே பார்த்திருந்தது, அதில்தான் கண்ணாடி. வடக்கிலிருந்து வரும் வெளிச்சத்தில் வருஷத்தின் பெரும்பகுதி நேர் வெயில் இருக்காது, நாள் முழுக்க ஓரளவு சீராக இருக்கும். அறுந்த இழையை நெசவாளி கண்டுபிடிக்க அந்த வெளிச்சம்தான் வேண்டும். நெசவுக் கூடத்தில் காற்று ஈரமாகவும் இருக்கவேண்டும், காய்ந்தால் நூல் பட்டென்று அறுந்துவிடும். சென்னைக்காரர்கள் தினமும் திட்டுகிற புழுக்கம் இந்தத் தொழிலுக்குத் தோதானது. இரும்புத் தூண்கள் அப்போதும் நேராக நின்றன. தரையில் தறிகளைப் பூட்டியிருந்த போல்ட் துளைகள் அப்படியே இருந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டே நடந்தால் தறி எங்கெங்கே நின்றது, இடையில் ஆள் நடக்க எவ்வளவு இடம் விட்டிருந்தார்கள் என்று கணக்குப் போட முடிந்தது. குறுகிய இடம். பக்கவாட்டில் திரும்பினால் இடித்துக்கொள்ளும்.

அடுத்து நான் செய்ததைத்தான் இந்தப் பயணத்தின் உருப்படியான வேலை என்று நினைக்கிறேன். ஷெட்டின் உள்கோடியிலிருந்து வெளி கேட் வரை, வேகமாக, நிற்காமல் நடந்தேன். பத்து நிமிடத்துக்குப் பக்கம் ஆனது. இப்போது இதைக் கேளுங்கள். 1918-இல் இந்த மில்லில் பகல் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம்தான் கொடுத்தார்கள். கேட்டுக்கு வந்து, கை கழுவி, உட்கார இடம் பிடித்து, சாப்பிட்டு, திரும்பிப் போய்த் தறி முன்னால் நிற்கவேண்டும். இடைவேளையைக் கூட்டு என்பது தொழிலாளிகளின் முதல் கோரிக்கைகளில் ஒன்று என்று புத்தகத்தில் படித்தபோது அது எனக்கு ஒரு தகவல், அவ்வளவுதான். அந்தத் தூரத்தை நடந்தபோது வயிறு எரிந்தது.

அந்தக் கோபத்தில் பிறந்ததுதான் சென்னைத் தொழிலாளர் சங்கம். 1918 ஏப்ரல் 27. இந்தியாவில் முறையாக அமைக்கப்பட்ட முதல் தொழிற்சங்கம். மில்லுக்குப் பக்கத்தில் கடை வைத்திருந்த செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும் முதலில் முயற்சி எடுத்தார்கள். அன்னி பெசன்ட்டின் சகா பி.பி. வாடியா தலைவரானார், திரு.வி.க. தோள் கொடுத்தார். நிர்வாகம் உயர் நீதிமன்றத்துக்குப் போய்ச் சங்கத் தலைவர்களுக்கு எதிராகத் தடையுத்தரவு வாங்கியது. அந்த வழக்குக்குப் பின்னால் எழுந்த கொந்தளிப்புதான் 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் வர முக்கியக் காரணம். இன்று இந்தியாவில் எங்கே யார் சங்கம் வைத்தாலும் அதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டென்றால், அதில் பெரம்பூர்க்காரர்களின் பங்கு இருக்கிறது. 2018 ஏப்ரலில் அந்தச் சங்கத்துக்கு நூறு வயது நிறைந்தது. நூற்றாண்டு நெருங்கிய நேரத்தில் மில்லை இடிக்கத் தேதி பார்த்தோம்.

கசப்பான பக்கமும் இருக்கிறது, அதை மறைக்கக்கூடாது. 1921-இல் மாதக்கணக்கில் நீடித்த வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளிகளும் மற்றவர்களும் பிரிந்து நின்றார்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூடு நடந்தது. தொழிலாளி என்ற ஒற்றுமை சாதியின் முன்னால் உடைந்த இடமும் இதே இடம்தான்.

வெளியே வந்து எதிர்ச்சாரியில் இருந்த டீக்கடையில் நின்றேன். டீ அப்போது எட்டு ரூபாய், நல்ல டீ. பெஞ்சில் வேட்டி சட்டையோடு ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். மில்லில் வேலை செய்தவரா என்று கேட்டேன். காதில் விழவில்லை. உரக்கக் கேட்டேன்.

"நெசவுப் பிரிவு தம்பி. தறி ஓடுகிற சத்தத்தில் பக்கத்தில் இருக்கிறவன் பேசுவது கேட்காது. வாயசைவைப் பார்த்தே பேசிக்கொள்வோம். அப்போதே காது போய்விட்டது" என்றார்.

"சங்கு ஊதுவது ஞாபகம் இருக்கிறதா ஐயா?"

"ஞாபகமா? மில்லை மூடிய பிறகும் ரொம்ப நாள் அந்த நேரத்துக்குச் சரியாக எழுந்து உட்கார்ந்துவிடுவேன். வீட்டில் திட்டுவார்கள்."

குடியிருப்பு வரப்போவது பற்றிக் கேட்டேன். "வரட்டும். ஜனங்களுக்கு வீடு வேண்டாமா? ஆனால் நான் அங்கே ஒரு குளியலறை வாங்க முடியுமா சொல்" என்றார். டீக்குக் காசு கொடுக்க விடவில்லை. "நீ விருந்தாளி" என்று சொல்லி என் டீக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்.

நானும் வீடு கட்டுவதை எதிர்க்கவில்லை. நகரத்தின் நடுவில் இவ்வளவு நிலம் புதர் மண்டிக் கிடப்பதைவிட மனிதர்கள் வாழ்வது நல்லது. நான் அப்போது கேட்டது ஒரே ஒரு ஷெட், அந்த கேட், கேட்டிலிருந்து ஷெட் வரைக்குமான பாதை. அதை விட்டுவிட்டு மற்றதில் எத்தனை மாடி வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். மும்பையில் காலாசௌக்கியில் ஒரு பழைய மில்லை அருங்காட்சியகமாக்க அப்போது பேச்சு நடந்தது. நமக்கு என்ன குறைச்சல்? ஒரு ஷெட்டில் நான்கு தறி வைக்கலாம். 1918-ஐ எழுதலாம், 1921-ஐயும் எழுதவேண்டும். குடியிருப்பில் வளரப்போகும் பிள்ளைகள் தங்கள் வீட்டுக்குக் கீழே என்ன நடந்தது என்று தெரிந்து வளர்வார்கள். வரைபடம் போடுகிறவர்கள் நினைத்தால் முடியும். நீச்சல் குளத்துக்கு இடம் ஒதுக்கத் தெரிந்தவர்களுக்கு இதற்கு ஒதுக்கத் தெரியாதா?

சரி, சாப்பாடு. ஆட்டோவுக்குக் கொடுக்காத காசு பையில் இருந்தது. வியாசர்பாடிப் பக்கம் பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்கள் கொண்டுவந்த அத்தோ வடசென்னையின் பெருமை. தள்ளுவண்டிக்காரம்மா அகலமான பாத்திரத்தில் நூடுல்ஸை அள்ளிப்போட்டு, மெலிதாக நறுக்கிய கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், பொரித்த பூண்டு, எண்ணெய் எல்லாம் சேர்த்துக் கையால் பிசைந்தார். மேலே பேஜோ என்ற மொறுமொறுப்பான பொரித்த தின்பண்டத்தை நொறுக்கித் தூவினார். கூடவே சுடச்சுட வாழைத்தண்டு சூப், எத்தனை முறை கேட்டாலும் ஊற்றினார். அவித்த முட்டையைக் கீறி உள்ளே பொரித்த வெங்காயம் அடைத்த முட்டை மசாலா வேறு. புளிப்பும் காரமும் மொறுமொறுப்பும் ஒரே வாயில். தட்டை வழித்துச் சாப்பிட்டேன், இன்னொரு தட்டும் வாங்கினேன். நண்பனுக்கும் சேர்த்து மொத்தம் நூற்றைம்பதைத் தொடவில்லை. சென்னைக்குப் போகிறவர்கள் ஏசி ஹோட்டலில் ஐந்நூறு ரூபாய்க்கு ருசியில்லாத நூடுல்ஸ் சாப்பிடுவதை உடனே நிறுத்துங்கள்.

வரிசையாகச் சொல்கிறேன் என்று ஆரம்பித்தேன், அத்தோ வரை வந்துவிட்டேன். மீதி இதோ: காலை நேரம்தான் அங்கே போக ஏற்றதாக இருந்தது, பிற்பகல் வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் நிற்க முடியாது. கனமான ஷூ அவசியமாக இருந்தது, தரையெல்லாம் உடைந்த கண்ணாடியும் ஆணியும். கூரைச் சட்டங்கள் துருப்பிடித்துத் தொங்கின. உள்ளே போக வழியில்லாதவர்களுக்கும் ஸ்ட்ரஹான்ஸ் சாலையிலிருந்து குக்ஸ் சாலை வரை மதில் ஓரமாக நடந்தாலே அந்தச் சுவரின் நீளம் அன்று தெரிந்திருக்கும். பின்னி மில்லில் வேலை செய்த தாத்தாவோ சித்தப்பாவோ உங்கள் வீட்டில் இருந்தால், எந்தப் பிரிவு, எந்த ஷிப்ட், எந்த கேட் வழியாகப் போனார் என்று கேட்டுச் செல்போனில் பதிவு செய்யுங்கள். எனக்கும் அனுப்புங்கள், ஒன்றாகத் தொகுத்து இங்கேயே போடுகிறேன்.