மலேரியா பாசிட்டிவா? பிளட் கல்ச்சரும் எடுங்கள்

மலாவி போன்ற ஆப்பிரிக்க நாடுகளின் குழந்தைகள் வார்டில் சால்மொனெல்லா என்ற பாக்டீரியாவைப் பேதியை வைத்துத் தேடினால் கிடைக்காது. ரத்தத்தில் இந்தக் கிருமி பரவிய பிள்ளைகளில் பலருக்குப் பேதியே இருப்பதில்லை. காய்ச்சல், வெளிறிய கண் இமை, இடது விலாவுக்குக் கீழே கைக்குத் தட்டுப்படும் மண்ணீரல், வேக மூச்சு என்று வருவார்கள். மலேரியாவும் நிமோனியாவும் இப்படித்தான் வரும்.

மலேரியா பாசிட்டிவ் என்றதும் தேடலை நிறுத்திவிடுவதுதான் பெரிய ஆபத்து. மலேரியாவில் சிவப்பணுக்கள் உடையும்போது வெள்ளையணுக்களின் கிருமி கொல்லும் திறன் குறைந்துபோகிறது. அந்த நேரத்தில்தான் சால்மொனெல்லா ரத்தத்தில் பெருகும். கடும் ரத்தசோகை, ஊட்டச்சத்துக் குறைவு, எச்ஐவி இருக்கும் பிள்ளைக்கு மலேரியா மருந்தான ஆர்ட்டிசுனேட் மட்டும் போதாது, கூடவே ஆன்டிபயாட்டிக்கும் வேண்டும்.

ஆன்டிபயாட்டிக்கின் முதல் டோஸுக்கு முன்பே பிளட் கல்ச்சர், அதாவது ரத்தத்தில் உள்ள கிருமியை லேபில் வளர்த்துப் பார்க்கும் டெஸ்ட், எடுங்கள். ஒரு மில்லி ரத்தத்தில் ஒன்றிரண்டு கிருமிதான் இருக்கலாம். அரை மில்லி எடுத்து அனுப்பிவிட்டு 'வளரவில்லை' என்ற ரிப்போர்ட்டை நம்பக் கூடாது. 1 முதல் 3 மில்லி வேண்டும். குளோரெக்சிடின் ஸ்பிரிட்டால் துடைத்து, காயவிட்டு, அந்த இடத்தை மறுபடி விரலால் தொடாமல் குத்துங்கள். பாட்டிலை ஃபிரிட்ஜில் வைக்கவே கூடாது. ரத்தம் எடுக்க ரத்தக்குழாய் கிடைக்காவிட்டால் மருந்தைத் தள்ளிப்போடாதீர்கள். டைஃபாய்டுக்குச் செய்யும் வைடால் டெஸ்ட் இதற்கு உதவாது.

நிமோனியா என்று நினைத்து ஆம்பிசிலினும் ஜென்டாமைசினும் போடுவது வழக்கம். ஆப்பிரிக்காவில் பரவியிருக்கும் எஸ்டி313 என்ற சால்மொனெல்லா வகையில் பெரும்பாலானவை ஆம்பிசிலின், குளோராம்பெனிகால், கோட்ரைமாக்சசோல் மூன்றுக்கும் அடங்காதவை. ஜென்டாமைசின் லேபில் வேலை செய்வதாகத் தெரியும். ஆனால் கிருமி செல்லுக்குள் ஒளிந்திருக்கும், மருந்து அங்கே சரியாக எட்டாது. அதனால் செஃப்ட்ரையாக்சோன், கிலோவுக்கு 80 மில்லிகிராம், தினம் ஒரு வேளை. கால்சியம் உள்ள ரிங்கர் லாக்டேட் டிரிப் ஓடும் லைனில் இதைக் கலக்கக் கூடாது. பிறந்த சிசுவுக்கு செஃபோட்டாக்சிம்.

காய்ச்சல் இறங்கச் சில நாள் ஆகும், பதறி மருந்தை மாற்ற வேண்டாம். எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்று காட்டும் சென்சிட்டிவிட்டி ரிப்போர்ட் வந்து, பிள்ளை நன்றாகச் சாப்பிடத் தொடங்கினால், சிப்ரோஃப்ளாக்சசினோ அசித்ரோமைசினோ வாய்வழியாகக் கொடுத்து 10 முதல் 14 நாள் முடிக்கலாம். மூளைக்காய்ச்சல் என்றால் அந்த 10 முதல் 14 நாள் போதாது, குறைந்தது 3 முதல் 4 வாரம். மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு முதுகுத்தண்டு நீரையும் பார்த்தாக வேண்டும்.

அனைவருக்கும் எச்ஐவி டெஸ்ட் செய்யுங்கள். சிக்கிள் செல் (சிவப்பணு அரிவாள் வடிவமாகும் பரம்பரை நோய்) உள்ள பிள்ளை கை காலை அசைக்க மறுத்தால் எலும்பில் சீழ் இருக்கிறதா பாருங்கள். வீட்டுக்குப் போனபின் காய்ச்சல் திரும்பினால், மறுபடி கல்ச்சர் எடுத்துவிட்டுத்தான் மருந்து.