முதல் டிகாஷனைக் கொட்டிய கடை

டீ என்றால் பால், சர்க்கரை, நசுக்கிய இஞ்சி என்று ஐம்பது வயது வரை வாழ்ந்துவிட்ட ஒருவரைப் பூயர் டீ சுவைக்கக் கூட்டிப்போனால் என்ன ஆகும் என்பதை அந்த டீ விளையும் சீனாவின் யுன்னான் மாகாணத்தில், குன்மிங் நகரத்தில் பார்த்தேன். எங்கள் ஆபீஸ் அண்ணன் கடைக்குள் நுழைந்ததுமே, "அடுப்பையே காணோமே தம்பி" என்றார்.

கடைக்கார அம்மா 357 கிராம் எடையில் வட்டமாக அமுக்கிய தேயிலை வட்டு ஒன்றின் காகிதத்தைப் பிரித்து, ஓரத்தில் கூரான ஊசியைக் குத்தி, இலை நொறுங்காமல் நெம்பி நெம்பி ஏழு கிராம் எடுத்து நிறுத்தார். சின்ன மூடிக் கிண்ணத்தில் போட்டுக் கொதிக்கிற தண்ணீரை ஊற்றினார், ஊற்றிய வேகத்தில் வடித்துக் கொட்டியும் விட்டார். அண்ணன் பதறிப்போனார். "முதல் டிகாஷனையாய்யா கொட்டுவாங்க!" இலையை அலசுகிறார்கள் என்றேன். நம்பவில்லை.

பூயரில் இரண்டு வகை. ஈரக்குவியலாகப் போட்டு நொதிக்க வைக்கும் வகை 1970களில் இதே ஊரில் உருவானது, அது சாது. இது பச்சை வகை, வாணலியில் வாட்டி, வெயிலில் உலர்த்தி, ஆவி காட்டி அமுக்கியது, அதிலும் புதுசு. கசப்பு நாக்கைப் பிடித்து இழுத்தது. "பால் எங்கே?" என்று அண்ணன் கேட்டதை நான் மொழிபெயர்க்கவில்லை.

ஆனால் காலிக் கோப்பையைக் கண்டால் அந்த அம்மாவுக்குப் பொறுக்காது, உடனே ஊற்றிவிடுவார். ஊற்றியதை மிச்சம் வைத்தால் அண்ணனுக்குப் பொறுக்காது, குடித்துவிடுவார். இப்படியே மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தபோது, ஐந்தாம் ஊற்றோ ஆறாம் ஊற்றோ, அண்ணன் திடீரென்று பேச்சை நிறுத்தித் தொண்டையைத் தடவினார். "நெல்லிக்காய் தின்னுட்டு தண்ணி குடிச்ச மாதிரி இனிக்குதுப்பா."

அப்புறம் அவரை எழுப்ப முடியவில்லை. ஒரே இலையில் பத்துக்கு மேல் ஊற்று வரும் என்று தெரிந்ததும் கணக்குப்பிள்ளை புத்தி விழித்துக்கொண்டது, நிறம் வெளுக்கும் வரை உட்கார்ந்திருந்தார். வயிறு இரண்டு பேருக்கும் கபகபவென்று எரிந்தது.

வட்டு ஒன்றை வாங்கியும் விட்டார். பத்து வருடம் வைத்திருந்தால் கசப்பு அடங்கும் என்றார் அந்த அம்மா. "அதுக்குள்ள ரிட்டையராயிடுவேனே" என்று அண்ணன் முனகினார். எந்த வாசனைப் பொருள் பக்கத்திலும் வைக்கக் கூடாது, இலை இழுத்துக்கொள்ளும் என்று வேறு எச்சரித்து அனுப்பினார்.

அன்றிரவே அண்ணன் பெட்டியில் இருந்த பூண்டு ஊறுகாய் பாட்டில் என் பெட்டிக்கு வந்துவிட்டது. என் சட்டைகளும் இழுத்துக்கொள்ளும் என்றேன். "துவைச்சா போயிடும்" என்றார்.