கையை வெட்டினால் வண்டித் திருட்டு நிற்குமா?

ஒரு வண்டி திருடு போனால் போதும், வாட்ஸ்அப் குரூப்பில் இருக்கிற அத்தனை பேரும் நீதிபதி ஆகிவிடுகிறார்கள். கையை வெட்டு, நடுரோட்டில் கட்டிவைத்து அடி, அரபு நாட்டுச் சட்டம் இங்கேயும் வரணும், இத்யாதி. போன மாதம் என் மச்சானுடைய பழைய ஸ்பிளெண்டர் பைக் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் இருந்து போனபோதும் இதே கச்சேரிதான். என் மாமியார் சொன்ன தண்டனையை இங்கே எழுத முடியாது. எனக்கும் கோபம் இல்லாமல் இல்லை. ஆனால் தண்டனையைக் கூட்டினால் திருட்டு குறையும் என்கிற நம்பிக்கை மட்டும் எனக்கு ஒட்டவே மாட்டேன் என்கிறது.

கையை வெட்டச் சொல்கிற பலருக்கு இப்போது என்ன தண்டனை என்றே தெரியாது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 379வது பிரிவு, 3 ஆண்டு வரை சிறை. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்து அது 303(2) ஆனது. முதல் தடவைக்கு அதே 3 ஆண்டு வரைதான், ஆனால் மறுபடி மாட்டித் தண்டனை பெற்றால் குறைந்தது 1 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு கடுங்காவல். சரக்கோ பயணிகளோ ஏற்றும் வாகனத்தைத் திருடினால் 7 ஆண்டு வரை போகலாம் என்று 305வது பிரிவு சொல்கிறது (நாம் சொந்தமாக ஓட்டுகிற பைக் அதில் அடங்குமா என்பதை வக்கீல்கள் பேசிக்கொள்ளட்டும்). தமிழ்நாட்டில் இதற்கு மேல் குண்டர் சட்டம் வேறு இருக்கிறது, தொடர்ந்து இதையே தொழிலாக வைத்திருப்பவனை ஓராண்டு வரை விசாரணை இல்லாமலே உள்ளே வைக்கலாம். ஆக காகிதத்தில் தண்டனைக்குப் பஞ்சமே இல்லை. 2024 ஜூலை 1 காலையில் எந்தத் திருடனாவது எழுந்து, அட, இரண்டாவது தடவைக்கு அஞ்சு வருஷமாமே, நாளையிலிருந்து பெயிண்ட் வேலைக்குப் போவோம் என்று நினைத்திருப்பானா?

தூக்கில் போட்டால் பயப்படுவான் என்பீர்கள். அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் 1832 வரைக்கும் குதிரைத் திருட்டுக்குத் தூக்கு. அந்தக் காலத்து வாகனம் குதிரைதானே. அதற்காகத் திருட்டு நின்றுவிடவில்லை, அதைவிட வேடிக்கை, தண்டனை இவ்வளவு கொடூரமாக இருந்ததால் ஒரு குதிரைக்காக ஆளைக் கொல்வதா என்று ஜூரிகளே குற்றவாளி என்று சொல்லத் தயங்கினார்கள். 1830இல் அங்கே வங்கி நடத்தியவர்கள் நாடாளுமன்றத்துக்கு ஒரு மனு கொடுத்தார்கள், கள்ளக் கையெழுத்து வழக்குகளுக்குத் தூக்கு வேண்டாம், அதனால்தான் பலரும் தண்டனையே இல்லாமல் தப்பிக்கிறார்கள் என்று. பணத்தைப் பறிகொடுத்தவர்களே கேட்டது இது. இத்தாலிக்காரர் பெக்காரியா 1764லேயே இதைத்தான் சொன்னார், தண்டனை எவ்வளவு பெரிது என்பதைவிட நிச்சயம் மாட்டுவோம் என்கிற பயம்தான் ஆளைத் தடுக்கும் என்று.

நம் ஊர் பைக் திருடன் மாட்டுவோம் என்று நினைக்கிறானா? அவன் கணக்கு வேறு. எந்த வண்டி சீக்கிரம் நகரும், யாராவது திரும்பிப் பார்ப்பார்களா, எங்கே விற்பது, அவ்வளவுதான். பழைய வண்டிகளில் இக்னிஷன் தேய்ந்து போய், வேறு சாவியைப் போட்டு ஆட்டினாலும் திறக்கும். சைடு லாக் போட்டிருந்தால் ஹேண்டிலை ஒரு பக்கமாக வைத்து ஓங்கி மிதித்து உடைக்கிறார்கள், அப்புறம் வயரை டைரக்ட் செய்தால், அதாவது சாவி இல்லாமல் நேராக இணைத்தால், வண்டி ஸ்டார்ட். கடலூர், புதுச்சேரி பக்கம் கூட்டத்துக்கும் குறைவில்லை. சண்டே மார்க்கெட் நாளில் புதுச்சேரி காந்தி வீதியைச் சுற்றி நிற்கும் வண்டிகள், ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் அவசரத்தில் கிடைத்த இடத்தில் சொருகிவிட்டுப் போகும் வண்டிகள், சாயங்காலம் கடற்கரைச் சாலையை மூடியதும் பக்கத்துத் தெருக்களில் நெருக்கி நிறுத்தும் வண்டிகள். அத்தனை வண்டிக்கு நடுவில் ஒருத்தன் ஒரு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனால் பெட்ரோல் இல்லை போல என்றுதான் நாமும் நினைப்போம், சிலர் பின்னாலிருந்து காலால் தள்ளிவிட்டு உதவியும் செய்வோம்.

அப்புறம் எல்லை. கடலூரில் எடுத்த வண்டி புதுச்சேரி எல்லையான முள்ளோடையைத் தாண்டினால் வேறு போலீஸ். கோரிமேட்டைத் தாண்டினால் திரும்பவும் தமிழ்நாடு. புதுச்சேரி வரைபடத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நடுநடுவே புதுச்சேரி கிராமம், தமிழ்நாட்டுக் கிராமம் என்று மாறி மாறிக் கிடக்கும். இந்த எல்லையை நம்பி இருப்பது இங்கே புதிதும் இல்லை, பாரதியாரே பிரிட்டிஷ் போலீசின் கை எட்டாது என்றுதான் பத்து வருஷம் புதுச்சேரியில் இருந்தார், 1918 நவம்பரில் எல்லையைத் தாண்டியதும் கடலூர் சிறையில் போட்டார்கள். (திருடனோடு அவரைச் சேர்த்து எழுதியதற்கு மன்னிக்கவும்.) இப்போது ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்று ஒன்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே வந்துவிட்டது, சம்பவம் எந்த எல்லையில் நடந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகாரைப் பதிவு செய்ய வேண்டும். இது எங்க லிமிட் இல்லைங்க என்று யாராவது சொன்னால் அந்தச் சட்டத்தின் பெயரான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, 173வது பிரிவு என்று மரியாதையாகச் சொல்லிப் பாருங்கள்.

சரி, பூட்டுக்கு வருவோம். எனக்கு இதில்தான் நம்பிக்கை, ஆனால் கடைக்காரர் சொல்கிற காரணத்துக்காக இல்லை. மேற்கு ஜெர்மனியில் 1963இல் எல்லாக் கார்களுக்கும் ஸ்டீயரிங் லாக் கட்டாயம் என்றார்கள். புது கார், பழைய கார் எல்லாவற்றுக்கும். திருட்டு சட்டென்று இறங்கியது. பிரிட்டனில் 1971இல் அதே பூட்டைப் புது கார்களுக்கு மட்டும் போட்டார்கள், திருடர்கள் பேசாமல் பழைய கார்கள் பக்கம் திரும்பிவிட்டார்கள். ஒரே பூட்டுதான், ஆனால் ஜெர்மனியில் திருட்டு குறைந்தது, பிரிட்டனில் இடம் மாறியது. நம் தெருவில் நான் மட்டும் மஞ்சள் கலரில் பளிச்சென்று சக்கரத்தில் மாட்டும் டிஸ்க் லாக் போட்டுக்கொண்டால் என் வண்டி தப்பிக்கும், பக்கத்து வீட்டு அண்ணன் வண்டி போகும். எனக்கு நல்லதுதான். ஊருக்கு என்ன லாபம்?

அதனால்தான் தயாரிப்பாளர் வண்டிக்குள்ளேயே வைத்து அனுப்புகிற பூட்டு எனக்கு முக்கியமாகப் படுகிறது. காரில் இம்மொபிலைசர் என்று இருக்கிறதே, சாவிக்குள் ஒரு சின்ன சிப், அது சொல்கிற கோடு என்ஜின் கம்ப்யூட்டரில் இருப்பதோடு ஒத்துப்போகாவிட்டால் என்ஜின் ஓடாது. வயரை எத்தனை முறை டைரக்ட் செய்தாலும் ஓடாது. ஐரோப்பாவில் 1998இல் புது கார்களுக்கு இதைக் கட்டாயமாக்கினார்கள். நெதர்லாந்து கணக்கை வைத்து இரண்டு பொருளியலாளர்கள் ஆராய்ந்தபோது, பழைய கார்கள் பக்கம் திருடர்கள் நகர்ந்ததையும் கழித்துவிட்டே, சராசரியாக 40 சதவீதம் அளவுக்குத் திருட்டு குறைந்தது தெரிந்தது. அமெரிக்காவில் இது கட்டாயம் இல்லை, அதனால் 2011 முதல் 2021 வரை அங்கே விற்ற பல ஹூண்டாய், கியா மாடல்களில் இது இல்லாமலே போனது. யு.எஸ்.பி. கேபிளின் நுனியை வைத்தே பையன்கள் அவற்றை ஸ்டார்ட் செய்து அதை டிக்டாக்கில் போட்டார்கள், கூத்துதான். கனடாவில் 2007லிருந்தே சட்டப்படி இம்மொபிலைசர் கட்டாயம், அதே கம்பெனி கார்கள்தான், அங்கே இந்தக் கூத்து இல்லை. இரண்டு நாட்டிலும் பையன்கள் ஒரே மாதிரிதான் இருப்பார்கள், மாறியது அந்தச் சிப் மட்டும்.

அது இருந்தால் எல்லாம் முடிந்தது என்றும் இல்லை. கீ-லெஸ் கார் வைத்திருப்பவர்கள் சாவியை வாசல் பக்கத்து ஆணியில் மாட்டினால், அதன் சிக்னலை வெளியிலிருந்து ஒரு கருவியால் பிடித்து, காருக்குப் பக்கத்தில் நிற்பவனின் கருவிக்கு அனுப்பிக் கதவைத் திறக்க முடியும். சிக்னலைத் தடுக்கும் பை விற்கிறார்கள், வாங்கிப் போட்டுவையுங்கள். அலாரம் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை. லாரி போனால் கத்தும், இடி இடித்தால் கத்தும், நிஜமாகத் திருடன் தொட்டுக் கத்தும்போது ஜன்னலைச் சாத்திவிட்டுத் தூங்குவோம். ஜி.பி.எஸ். நல்லதுதான், ஆனால் சீட்டைக் கழற்றியதும் கண்ணில் படுகிற இடத்தில் மெக்கானிக் ஒட்டிக்கொடுத்தால் அதைப் பிடுங்க எவ்வளவு நேரம்? அமெரிக்காவில் திருடுபோன காரைக் கண்டுபிடிக்க உதவும் லோஜாக் என்ற கருவி, காருக்குள் எங்கே இருக்கிறது என்று வெளியில் தெரியாது, ஸ்டிக்கரும் கிடையாது. 1998இல் அயர்ஸ், லெவிட் என்ற இருவர் காட்டியது என்னவென்றால், எந்தக் காரில் இருக்கிறது என்று திருடனுக்குத் தெரியாததால் அது இல்லாத கார்களுக்கும் பாதுகாப்பு கிடைத்தது. பளிச்சென்று தெரிகிற பூட்டு பக்கத்து வீட்டுக்குத் திருடனை அனுப்பும், தெரியாத பூட்டு பக்கத்து வீட்டுக்கும் காவல் காக்கும்.

இதையெல்லாம் விட எனக்குப் பிடித்த உதாரணம் பூட்டே இல்லை, ஹெல்மெட். மேற்கு ஜெர்மனியில் 1980இல் ஹெல்மெட் போடாதவர்களுக்கு அந்த இடத்திலேயே அபராதம் என்று ஆரம்பித்தார்கள், தலையைக் காப்பாற்றத்தான். அந்த வருஷம் ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருந்த மோட்டார் சைக்கிள் திருட்டு 1986இல் ஏறத்தாழ 54,000 ஆகிவிட்டது. காரணம் சாதாரணமானது, வழியில் ஒரு வண்டியைப் பார்த்து ஆசைப்பட்டு எடுக்கிறவன் கையில் ஹெல்மெட் இருக்காது, போடாமல் போனால் முதல் சிக்னலிலேயே நிறுத்துவார்கள். திருட்டுக்கு எந்தத் தண்டனையையும் கூட்டவில்லை. நம் புதுச்சேரியில் ஹெல்மெட் பட்ட பாடு தெரியும்தானே, 2019 பிப்ரவரியில் அன்றைய முதல்வர் நாராயணசாமி, துணைநிலை ஆளுநர் கிரண் பேடிக்கு எதிராக ராஜ்நிவாஸ் முன்னால் தர்ணாவில் உட்கார்ந்தபோது அந்தச் சண்டையில் ஹெல்மெட்டும் ஒரு காரணம். திருட்டுக்கும் ஹெல்மெட்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று அப்போது யாரும் பேசிய ஞாபகம் எனக்கு இல்லை.

மச்சான் விஷயத்துக்கு வருகிறேன். வண்டி போய் எஃப்.ஐ.ஆர். போட்டுச் சில வாரத்தில் அவன் போனுக்கு ஒரு இ-சலான் வந்தது. அதே நம்பர், வேறொரு மாவட்டம், ஹெல்மெட் அணியாமல் ஓட்டியதற்கு 1,000 ரூபாய். போட்டோவில் வண்டி அவ்வளவு தெளிவு, ஓட்டுகிறவன் முகம்கூடத் தெரிகிறது. அதாவது கேமரா திருடனைப் பிடித்துவிட்டது, ஆனால் அது திருட்டு வண்டி என்று அந்தக் கேமராவிடம் யாரும் சொல்லவில்லை. மச்சான் சலானையும் எஃப்.ஐ.ஆர். நகலையும் எடுத்துக்கொண்டு அலைகிறான். காணாமல் போன வண்டிகளின் பட்டியலை அந்தக் கேமராவோடு ஒழுங்காக இணைத்து, நம்பர் தெரிந்ததும் அடுத்த செக்போஸ்ட்டுக்குத் தகவல் போகிற மாதிரி செய்தால் அது எத்தனை குண்டர் சட்டத்துக்குச் சமம்! கையை வெட்டச் சொல்கிற கோஷ்டி ஒரு நாளாவது இதைக் கேட்டுக் குரல் கொடுத்ததுண்டா?

வாங்குகிறவன் பற்றியும் சொல்லணும். திருடிய பைக்கைத் திருடன் ஓட்டிக்கொண்டே இருக்கப் போவதில்லை, விற்கணும் அல்லது பிரித்து உதிரியாக்கணும். ஆர்.சி. அப்புறம் தரேன் என்று பாதி விலைக்குக் கொடுப்பவனிடம் வாங்குகிற நாம்தான் அவனுக்குச் சம்பளம் கொடுக்கிறோம். தெரிந்தே வாங்கினால் அதே நியாய சன்ஹிதாவின் 317(2)இல் 3 ஆண்டு வரை, அதையே வியாபாரமாக வைத்திருந்தால் 317(4)இல் ஆயுள் தண்டனை வரை போகலாம், திருடனுக்கு உள்ளதைவிட அதிகம். செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது அரசின் எம்பரிவாகன் ஆப்பில் நம்பரைப் போட்டுப் பாருங்கள், அதோடு நிற்காமல் சேசிஸ் நம்பரையும் என்ஜின் நம்பரையும் கையால் தடவிப் பாருங்கள், அரைத்து மறுபடி அடித்திருந்தால் விரலுக்குத் தெரியும். 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டி என்றால் உயர்பாதுகாப்பு நம்பர் பிளேட்டில் லேசரில் பொறித்த எண் இருக்கும், அதை மாட்டியிருக்கும் ஸ்னாப் லாக்கைக் கழற்றினால் உடையும், போல்ட் போட்டு மாட்டியிருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

இன்சூரன்ஸ் சுருக்கமாக. தேர்ட் பார்ட்டி மட்டும் வைத்திருந்தால் திருட்டுக்கு ஒரு பைசா வராது, மச்சானுக்கு வரவில்லை. முழு பாலிசி இருந்தால் இரண்டு சாவியையும் கேட்பார்கள், ஒன்று தொலைந்து போயிருந்தால் இன்றே டீலரிடம் எழுதிக் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். போலீசில் உடனே புகார் கொடுத்திருந்தால், கம்பெனிக்குத் தாமதமாகச் சொன்னார்கள் என்ற ஒரே காரணத்துக்காக க்ளெய்மை மறுக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரியில் சொல்லியிருக்கிறது, ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நான் செய்ய நினைப்பது, என் வண்டியில் மறைவாக, என்ஜினை ஓடவிடாமல் நிறுத்தும் ஒரு கட்-ஆஃப் சுவிட்ச். பழைய கார்புரேட்டர் வண்டியில் திருப்பாதிரிப்புலியூர் பக்கத்து மெக்கானிக் யாரும் அரை மணியில் போட்டுவிடுவார்கள். புது மாசுக் கட்டுப்பாட்டு விதிப்படி வருகிற பி.எஸ்.6 வண்டியில் சென்சார், இ.சி.யு. (என்ஜின் கம்ப்யூட்டர்) என்று வயரிங்கில் கைவைத்தால் வாரண்டி போய்விடும் என்று சர்வீஸ் சென்டரில் பயமுறுத்துகிறார்கள். ஃப்யூவல் பம்ப் லைனில் ரிலே வைத்துப் போட்டவர்கள் கடலூர், புதுச்சேரி பக்கம் யாராவது இருந்தால் எப்படிப் போட்டீர்கள், மழைக்காலத்தில் தொந்தரவு கொடுத்ததா என்று எழுதுங்கள். சுவிட்சை எங்கே வைத்தீர்கள் என்று மட்டும் எழுதாதீர்கள்.