சிலை போயிருச்சு, லைப்ரரில பேர் இருக்கு: ஸ்டேட் காலேஜ் போய்ட்டு வந்த கதை

நியூஜெர்சிலேந்து ஐ-80ல மேற்கு பக்கமா நாலு மணி நேரம் ஓட்டினா பென்சில்வேனியா நடுவுல ஸ்டேட் காலேஜ்னு ஒரு ஊர் வரும். காலேஜ் பேர் இல்லீங்க, ஊர் பேரே அதான். பென் ஸ்டேட் யூனிவர்சிட்டி இருக்கற ஊர். ஜனத்தொகை சுமார் 40,000 ஆனா அங்க இருக்கற பீவர் ஸ்டேடியத்துல 1,06,000 பேர் உக்காந்து மேட்ச் பாக்கலாம், இதை முதல்லயே சொல்லிடறேன் ஏன்னா இந்தக் கணக்கு மனசுல இல்லேன்னா நான் அடுத்து சொல்றது எதுவும் புரியாது. நம்ம ஊர்ல ஃபுட்பால்னு சொல்ற ஆட்டமும் இல்ல இது, பந்தைக் கையில இடுக்கிக்கிட்டு ஓடற அமெரிக்கன் ஃபுட்பால், அதுவும் காலேஜ் பசங்க ஆடறது, அதுக்குத்தான் இவ்ளோ கூட்டம்.

கூட வந்த நண்பன் அங்கயே பிஎச்டி பண்ணினவன், 2008ல வந்தவன், 2011 நவம்பர்ல நடந்ததை எல்லாம் நேர்ல பாத்தவன். அங்க ரொம்ப வருஷம் ஃபுட்பால் ஹெட் கோச்சா இருந்து, அந்த மாசம் வேலை போன ஜோ பட்டர்னோ பேர எடுத்தா இன்னிக்கும் அவன் குரல் கொஞ்சம் இறங்கிடும். எனக்கு அது நியூஸ்ல படிச்ச பேர் மட்டும்தான். ரொம்ப நாளா "ஒரு தடவ வந்து பாருடா, அப்புறம் பேசு"ன்னு சொல்லிட்டே இருந்தான், அக்டோபர்ல இலை எல்லாம் செவந்திருக்கற ஒரு சனிக்கிழமை, ஊர்ல மேட்ச் இல்லாத நாளா பாத்து கெளம்பிட்டோம்.

ஹைவேய விட்டு எறங்கினதும் மொதல்ல பெல்ஃபான்ட் வருது. மேடும் பள்ளமுமா தெரு, பழைய வீடுங்க, அழகான சின்ன ஊர். நண்பன் நிக்க வேணாம்னான், நான்தான் காபி குடிக்கலாம்னு நிறுத்தச் சொன்னேன். வெள்ளைத் தூண் வச்ச கோர்ட்டு, முன்னாடி உள்நாட்டுப் போர் காலத்து கவர்னர் கர்ட்டினோட சிலை. 2012 ஜூன்ல ஜெர்ரி சாண்டஸ்கி கேஸ் நடந்தது இங்கதான். பட்டர்னோகிட்ட முப்பது வருஷம் அசிஸ்டன்ட் கோச்சா இருந்தவன், 1977லேந்து 1999 வரைக்கும் டிஃபன்ஸ் முழுக்க அவன் பொறுப்பு, அதே 1977ல கஷ்டப்படற வீட்டுப் பசங்களுக்கு உதவறேன்னு செகண்ட் மைல்னு ஒரு தொண்டு நிறுவனம் ஆரம்பிச்சு, அது மூலமா வந்த பசங்களையே பாலியல் கொடுமை பண்ணினவன். எட்டு இளைஞர்கள் இந்த கோர்ட்ல சாட்சி சொன்னாங்க. பத்து, பதினொண்ணு, பன்னெண்டு வயசுல தனக்கு நடந்ததை ஊரே வேடிக்கை பாக்க, அந்தாளையும் எதிர்ல உக்கார வச்சுக்கிட்டு. ஜூன் 22 ராத்திரி ஜூரி 48 குற்றச்சாட்டுல 45ல குற்றவாளின்னு சொல்லிட்டாங்க, அக்டோபர்ல 30லேந்து 60 வருஷம் ஜெயில்னு தீர்ப்பு. அந்தப் படிக்கட்டுக்கிட்ட நின்னப்ப எனக்கு காபி எறங்கல, உண்மையாத்தான் சொல்றேன். நண்பன் கார விட்டே எறங்கல.

அங்கேந்து இருபது நிமிஷத்துல ஸ்டேட் காலேஜ். சுத்தி வயலும் மலையும்தான், நடுவுல திடீர்னு ஸ்டேடியம் எழும்பி நிக்குது. ஆள் நடமாட்டமே இல்ல. நண்பன் போர்ட்டர் ரோடு பக்கம் கூட்டிட்டுப் போய் ஒரு இடத்தக் காட்டி "இங்கதான்"னான். மரம் செடி வச்சிருக்காங்க, வேற ஒண்ணும் இல்ல. 2001லேந்து அங்க பட்டர்னோவோட வெண்கலச் சிலை இருந்துச்சு, ஏழடி ஒசரம், ஒரு விரலைத் தூக்கிட்டு ஓடி வர்ற மாதிரி, பின்னாடி டீம் பசங்க. பக்கத்துச் சுவத்துல கல்வியாளர், கோச், மனிதநேயர்னு எழுதியிருந்துச்சாம். 2012 ஜூலை 22 காலைல எடுத்துட்டாங்க. அவர் செத்துப் போய் சரியா ஆறு மாசம்.

அந்த மூணு வார்த்தையையும் சும்மா எழுதி வைக்கல, அதையும் சொல்லணும். புரூக்ளின்ல பொறந்து பிரவுன் யூனிவர்சிட்டில படிச்சு 1950ல இங்க அசிஸ்டன்ட்டா வந்தவர், 1966லேந்து 2011 வரைக்கும் 46 சீசன் ஹெட் கோச், 1982லயும் 1986லயும் தேசிய சாம்பியன், மொத்தம் 409 ஜெயிப்பு. கடைசி மேட்ச் 2011 அக்டோபர் 29, இல்லினாயோட 10-7, ஒரே பனி, நண்பன் அன்னிக்கு ஸ்டேடியத்துல இருந்தான், கை விரல் மரத்துப் போச்சுன்னு இப்பவும் காட்டறான். ஜெயிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும், ஆட வர்ற பசங்க ஒழுங்கா படிச்சு டிகிரி வாங்கணும்னு அவர் நின்னது நெஜம், அதுக்கு கிராண்ட் எக்ஸ்பெரிமென்ட்னே பேர் வச்சிருந்தாங்க. மத்த காலேஜ்ல பசங்கள ரெண்டு வருஷம் புழிஞ்சு எடுத்துட்டு அனுப்பிடற காலத்துல இவர் கிளாஸுக்குப் போகச் சொன்னவர். சட்டைல ஆட்டக்காரன் பேர் கூட போட மாட்டாங்க, எல்லாருக்கும் ஒரே வெறும் நீல-வெள்ளை, கறுப்பு ஷூ. அவரும் அவர் சம்சாரமும் யூனிவர்சிட்டிக்குக் குடுத்தது 40 லட்சம் டாலருக்கு மேல. குடியிருந்தது கேம்பஸ் பக்கத்துல ஒரு சாதாரண வீடு, மேட்சுக்கு அங்கேந்து நடந்தே வருவாராம். இப்படி ஒரு மனுஷனை ஒரு ஊர் தலைல வச்சுக் கொண்டாடினா அதுல ஆச்சரியப்பட என்ன இருக்கு.

இப்ப 2001 பிப்ரவரிக்கு வரேன். ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி மைக் மெக்வீரின்னு ஒரு இளம் அசிஸ்டன்ட் ஃபுட்பால் பில்டிங்குக்குப் போறார், ஷவர்ல சாண்டஸ்கிய ஒரு சின்னப் பையனோட பாத்துடறார். மறுநாள் காலைல நேரா பட்டர்னோ வீட்டுக்குப் போய் சொல்றார். பட்டர்னோ தன் மேலதிகாரி டிம் கர்லிகிட்ட சொன்னார், ஆனா அன்னிக்கே இல்ல. ஏன்னு பத்து வருஷம் கழிச்சு, கேஸ் போடலாமான்னு விசாரிக்கற கிராண்ட் ஜூரி கேட்டப்ப அவரே சொன்ன பதில், அவங்க வீக்எண்ட கெடுக்க வேணாம்னு நெனச்சேன்ங்கறது. இந்த வரிய நான் எத்தனை தடவ படிச்சிருப்பேன்னு தெரியல. அந்தப் பையன் யாரு, வீட்டுக்குப் போனானா, யார் கூட்டிட்டுப் போனாங்க, இப்ப எங்க இருக்கான், ஒருத்தர் கூட தேடல.

கர்லியும் துணைத் தலைவர் கேரி ஷுல்ட்ஸும் பிரசிடென்ட் கிரஹாம் ஸ்பேனியரும் பேசி, மாநில குழந்தை நலத்துறைக்குத் தகவல் குடுக்கறதா மொதல்ல முடிவு பண்றாங்க. அப்புறம் கர்லி ஒரு ஈமெயில் போடறார், யோசிச்சுப் பாத்தேன், நேத்து ஜோவோடயும் பேசினேன், அந்த முடிவு எனக்கு சரியாப் படலன்னு. ஜோ என்ன சொன்னார்ங்கறது ஈமெயில்ல இல்ல. துறைக்குத் தகவல் போகல, போலீசுக்கும் போகல.

கார்ல போறப்ப நண்பன் சொன்ன வாதம் இதான், "சட்டப்படி மேலிடத்துல சொல்லணும், சொல்லிட்டார், அவர் மேல கேஸே போடலியேடா, கேஸ் மத்த மூணு பேர் மேலதானே". அது சரிதான், கேஸ் போடல, மத்த மூணு பேருக்கும் 2017ல குழந்தைய ஆபத்துல விட்டதுக்கு தண்டனை கிடைச்சுது. ஆனா மேலிடம்னா என்ன மேலிடம்? 2004ல இதே ஸ்பேனியரும் கர்லியும் பட்டர்னோ வீட்டுக்கே போய் ரிட்டயர் ஆயிடுங்கன்னு கேட்டாங்க, முடியாதுன்னு அனுப்பி வச்சுட்டார், அதுக்கப்புறம் ஏழு வருஷம் அவர்தான் கோச். அந்த ஊர்ல அவருக்கு மேல யாரும் கிடையாது. "காதுல போட்டுட்டேன்"னு நகர்ந்துக்கறது கீழ இருக்கறவன் சொல்ற சமாதானம், வேற வழி இல்லாதவன் சொல்றது. அவர் ஒரு ஃபோன் போட்டு "அந்த விஷயம் என்னாச்சு?"ன்னு கேட்டிருந்தா மொத்த யூனிவர்சிட்டியும் ஓடியிருக்கும். சாண்டஸ்கி ரிட்டயர் ஆனப்புறமும் சாவி வச்சிருந்தான், அந்த பில்டிங்குக்கு வந்து போய்ட்டு இருந்தான், 2001க்கு அப்புறமும் பசங்க மாட்டினாங்க. கடைசில 2008ல ஒரு பையனோட அம்மா விடாம நின்னதாலதான் விசாரணையே ஆரம்பிச்சுது. ஒரு சாதாரண அம்மாவால முடிஞ்சது இவரால முடியலையா?

யூனிவர்சிட்டி விசாரிக்கச் சொல்லி வச்ச, முன்னாள் எஃப்பிஐ தலைவர் லூயிஸ் ஃப்ரீயோட கமிட்டி, நாலு பேரும் சேந்து மறைச்சாங்கன்னு 2012 ஜூலைல எழுதுச்சு, குடும்பத்துக்காரங்க வேற நிபுணர்கள வச்சு அது தப்புன்னு எழுதினாங்க. நான் ரெண்டையுமே தள்ளி வச்சுட்டேன், எனக்கு அவர் சொன்ன சாட்சியமே போதும். வேலை போன அன்னிக்கு அவரே இன்னும் ஏதாவது செஞ்சிருக்கணும்னு இப்ப தோணுதுன்னு அறிக்கை குடுத்தார். அதை நான் சாக்குன்னு சொல்ல மாட்டேன், மனசுலேந்து வந்ததாத்தான் எடுத்துக்கறேன். அதனாலயே கூடுதலா வலிக்குது.

சாண்டஸ்கி கைதாகி விஷயம் வெளிய வந்ததும், 2011 நவம்பர் 9 ராத்திரி பட்டர்னோவ ஃபோன்லயே வேலைய விட்டு எடுத்தாங்க. ஆயிரக்கணக்கான பசங்க ரோட்டுக்கு வந்து ஒரு டிவி சேனல் வேனக் கவுத்துட்டாங்க. ரெண்டு நாள் கழிச்சு அதே பசங்க யூனிவர்சிட்டியோட தலைமைக் கட்டடமான ஓல்ட் மெயின் முன்னாடி பாதிக்கப்பட்டவங்களுக்காக மெழுகுவத்தி ஏத்தினாங்க. ஓல்ட் மெயின் புல்வெளில நடந்தப்பதான் நண்பன் சொன்னான், "ஒம்பதாந் தேதி அந்தக் கூட்டத்துல நானும் கத்தினேன்டா, பதினொண்ணாந் தேதி இங்க வந்து மெழுகுவத்தியும் புடிச்சேன்". நான் எதுவும் கேக்கல.

லைப்ரரிக்குப் போனோம். பாட்டீ அண்ட் பட்டர்னோ லைப்ரரி, சனிக்கிழமைலயும் பசங்க குனிஞ்சு படிச்சிட்டு இருக்காங்க. சிலைய எடுத்த அன்னிக்கே அப்ப பிரசிடென்ட்டா இருந்த ராட்னி எரிக்ஸன் லைப்ரரில பேர் இருக்கும்னும் சொல்லிட்டார், படிப்புக்கு அவர் செஞ்சது நெஜம்னு. ரொம்ப யோசிச்சு எடுத்த முடிவுன்னு எனக்குத் தோணுது. புத்தகத்துக்குக் குடுத்த காசு குடுத்ததுதான், அதை யாரும் திருப்பி வாங்க முடியாது. ஆனா ஒரு மனுஷன் பின்னாடி பசங்க வரிசையா ஓடி வர்ற மாதிரி ஒரு சிலை, பக்கத்துல மனிதநேயர்னு எழுத்து, பாதிக்கப்பட்ட ஒருத்தன் அந்த ரோட்டுல போனா அதை எப்படிப் பாப்பான்? நைக்கி கம்பெனி ஆரம்பிச்ச ஃபில் நைட் இரங்கல் கூட்டத்துல பட்டர்னோவுக்காக வரிஞ்சு கட்டிப் பேசினவர், ஆனா ஃப்ரீ அறிக்கை வந்த அன்னிக்கு அதே கம்பெனி தன் குழந்தைகள் காப்பகத்துக்கு வச்சிருந்த பட்டர்னோ பேர எடுத்துருச்சு. பேர் எங்க இருக்குங்கறது முக்கியம்.

சாப்பாடு பத்தி சுருக்கமா, பெர்க்கி கிரீமரில ஐஸ்கிரீம் கட்டாயம் சாப்டுங்க, யூனிவர்சிட்டியோட சொந்தக் கடை, ரெண்டு ஃப்ளேவர் கலந்து கேட்டா தர மாட்டாங்க. பீச்சி பட்டர்னோன்னு அவர் பேர்ல ஒரு ஃப்ளேவர் இன்னும் இருக்கு, சாண்டஸ்கி பேர்ல இருந்தத 2011லயே எடுத்துட்டாங்க. நண்பன் பீச்சி வாங்கினான், நான் வெனிலா.

ஹெய்ஸ்டர் ஸ்ட்ரீட்ல ஒரு பெரிய சுவர் ஓவியம் இருக்கு, மைக்கேல் பிலாட்டோ வரைஞ்சது, ஊர்ப் பெரிய மனுஷங்க எல்லாம் வரிசையா. அதுல சாண்டஸ்கியும் உக்காந்திருந்தான், கைது ஆனதும் அவனை அழிச்சுட்டு காலி நாற்காலில, குழந்தைகளுக்கு நடக்கற கொடுமைக்கு எதிரான அடையாளமா ஒரு நீல ரிப்பன் வரைஞ்சார். பட்டர்னோ செத்ததும் அவர் தலைக்கு மேல ஒளிவட்டம் போட்டார், ஃப்ரீ அறிக்கைக்கு அப்புறம் அதையும் அழிச்சார். அந்த நாற்காலி இருந்த இடத்துல இப்ப டோரா மெக்வெய்ட் இருக்காங்க, கவிஞர், இந்தக் கொடுமைய அனுபவிச்சு மீண்டு வந்து மத்தவங்களுக்காகப் பேசறவங்க. அந்த ஊர்ல நான் பாத்ததுலயே என்னை ரொம்ப நேரம் நிக்க வச்சது அந்தச் சுவர்தான்.

திரும்பி வர்றப்ப சிலைய மறுபடி வைக்கணுமான்னு கேட்டேன். கொஞ்ச நேரம் ரோட்டையே பாத்து ஓட்டிட்டு வேணாம்னான். "ஆனா 409 இருக்கணும்டா"ன்னான். 2012ல காலேஜ் விளையாட்டுகளுக்கான தேசிய அமைப்பு என்சிஏஏ, இந்த விவகாரத்துக்குத் தண்டனையா அவரோட 111 ஜெயிப்ப ரத்து பண்ணி 298ன்னு ஆக்கிட்டாங்க, 2015 ஜனவரில திருப்பிக் குடுத்துட்டாங்க. அதுல எனக்கு ஆட்சேபணை இல்லன்னு சொன்னேன், பனில நின்னு ஆடினது பசங்கதானே. பெல்ஃபான்ட் எக்ஸிட் தாண்டறப்ப இருட்டிருச்சு.