பூச்சிக்கடி அல்ல, குளவிக்கொட்டு

இரண்டு வருடங்களுக்கு முன் ஓர் ஆகஸ்ட் மாலையில், இங்கிலாந்தில் எங்கள் வீட்டுத் தோட்டத்துக் கொட்டிலுக்குள் ஏணி எடுக்கப் போன என்னைப் பிடரியில் ஏதோ கொட்டியது. பத்து நிமிடத்துக்குள் உள்ளங்கை அரித்து, நாக்குத் தடித்து, கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஆம்புலன்ஸில் வந்தவர்கள் தொடையில் அட்ரினலின் போட்டுக் காப்பாற்றினார்கள். அந்தப் பகுதியை நீட்டி எழுத எனக்கு விருப்பமில்லை. நான் எழுத வந்தது, உடம்பு பழகிக்கொள்ளட்டும் என்று குளவியின் விஷத்தையே சிறுகச் சிறுக ஊசியாக ஏற்றிக்கொள்ளும் சிகிச்சைக்குள் நுழைவதற்கு எனக்குப் பிடித்த 14 மாதங்களைப் பற்றி.

முதல் பிழை அன்று இரவே நடந்தது. ஒவ்வாமையின்போது இரத்தத்தில் ஏறும் டிரிப்டேஸ் என்ற பொருளின் அளவு, கொட்டிய ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள், பிந்தினால் 4 மணி நேரத்துக்குள் எடுத்தால்தான் அதிகம் பயன் தரும். என் கையிலிருந்து இரத்தம் எடுத்தார்கள். எத்தனை மணிக்கு என்று எவரும் எழுதவில்லை. பல மாதங்கள் கழித்து ஒவ்வாமை நிபுணர் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு, "நேரம் தெரியாவிட்டால் இதை வைத்து நான் என்ன சொல்வது?" என்றார். கொட்டிய நேரத்தையும் இரத்தம் எடுத்த நேரத்தையும் உடன் வருபவர் கைத்தொலைபேசியில் குறித்து வைத்தால் போதும். அன்று என் மனைவி பதற்றத்தில் என் சப்பாத்துகளைத்தான் தேடிக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது பிழை ஒரு சொல்லில் வந்தது. வைத்தியசாலையிலிருந்து குடும்ப வைத்தியருக்குப் போன கடிதத்தில் நடந்ததைப் 'பூச்சிக்கடி' என்று எழுதியிருந்தார்கள். அவரது அலுவலகத்தில் அதை அப்படியே பார்த்தெழுதி ஒவ்வாமைப் பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கே அதைக் கொசுக்கடி, மூட்டைப்பூச்சிக்கடிகளோடு சேர்த்து அவசரமற்ற வரிசையில் போட்டுவிட்டார்கள். நம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், கொசு கடிக்கும், குளவி கொட்டும். ஐந்து மாதம் காத்திருந்து தொலைபேசியில் கேட்டபோதுதான் இது தெரியவந்தது. வரவேற்பு மேசையிலிருந்த பெண், இரண்டும் ஒன்றுதானே என்று என்னிடமே திருப்பிக் கேட்டார். ஒன்றல்ல, நான் மயங்கி விழுந்தேன் என்று விளக்கி, ஆம்புலன்ஸ் அறிக்கையின் பிரதியை நானே வாங்கி இணைத்து அனுப்பிய பிறகு, இரண்டு வாரத்தில் தேதி கிடைத்தது. உங்களைப் பற்றிப் போகும் கடிதத்தின் பிரதியைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். கேட்டால் தருவார்கள், கேட்காவிட்டால் எவரும் காட்டமாட்டார்கள்.

ஏப்ரலில் தோல் பரிசோதனைக்குப் போனேன். முன்கையில் பேனாவால் கோடிட்டு, குளவி, தேனீ, ஹிஸ்டமின், உப்புநீர் என்று நான்கு துளிகளை வைத்துத் தாதி மெல்லக் குத்தினார். ஹிஸ்டமின் துளி எவருக்கும் தடித்து எழும்ப வேண்டும். அது எழும்பினால்தான் மற்றத் துளிகளின் முடிவை நம்பலாம். பதினைந்து நிமிடம் நானும் அவரும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்றும் எழும்பவில்லை. "ஒவ்வாமை மாத்திரை ஏதாவது போட்டீர்களா?" என்று கேட்டார். மகரந்தத் தும்மலுக்கு முந்தின இரவு ஒரு செட்டிரிசின் போட்டிருந்தேன். ஐந்து நாளைக்கு முன்பே நிறுத்த வேண்டும் என்பது அழைப்புக் கடிதத்தில், வாகனத் தரிப்பிடக் கட்டண விவரத்துக்குக் கீழே, பின்பக்கத்தில் இருந்தது. பிழை என்னுடையதுதான், ஆனாலும் அந்த வரியைப் பின்பக்கத்தில் வைத்தவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஒரு நாள் விடுமுறையும் இரண்டு மணி நேரப் பயணமும் வீண். அடுத்த தேதி ஜூலையில்தான் கிடைத்தது.

ஜூலையில் ஹிஸ்டமின் எழும்பியது, குளவியும் எழும்பியது, ஆனால் இரத்தப் பரிசோதனை தேனீயையும் சேர்த்துக் காட்டியது. என்னைக் கொட்டியது எது என்று நிபுணர் கேட்டார். நான் பார்க்கவில்லை. கொடுக்கு தோலில் தங்கியிருந்ததா என்றார்; தேனீ அநேகமாக விட்டுப்போகும், குளவி விடாது. அதையும் நான் கவனிக்கவில்லை. இரண்டு விஷத்திலும் உள்ள புரதங்களில் ஒட்டியிருக்கும் சர்க்கரைக் கூறுகள் ஒன்றுபோல இருப்பதால் பரிசோதனை இப்படி இரண்டையும் காட்டுவதுண்டு என்றும், தனிப் புரதங்களைப் பிரித்துப் பார்த்தால் தெளியும் என்றும் அவர் சொன்னார். குளவிக்கே உரிய வெஸ் வி 5 என்ற புரதத்துக்கான எதிர்வினை உயர்ந்திருந்தது, தேனீயின் ஏபிஐ எம் 1 என்ற புரதத்துக்கு இல்லை. ஆளைப் பிடித்தாயிற்று.

இதற்கிடையில் நான் வாசித்துத் தெரிந்துகொண்ட ஒன்றை இங்கே சொல்லாமல் விட முடியவில்லை. பூச்சியை முழுதாக அரைத்து எடுத்த சாற்றைத்தான் பல பத்தாண்டுகளாக நோயாளிகளுக்கு ஏற்றிவந்தார்கள். 1978இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் விஷம், அரைத்த சாறு, வெறும் போலி மருந்து ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு, பிறகு வைத்தியர்கள் பார்த்திருக்க உண்மைப் பூச்சியையே கொட்டவிட்டார்கள். போலி மருந்து பெற்ற 12 பேரில் 7 பேருக்கும், சாறு பெற்ற 11 பேரில் 7 பேருக்கும் உடல் முழுவதும் ஒவ்வாமை வந்தது. விஷம் பெற்ற 18 பேரில் ஒருவருக்கு மட்டுமே வந்தது. அரைத்த சாறு போலி மருந்தை விட ஒரு துளியும் மேலில்லை. தெரிந்தே கொட்டு வாங்கச் சம்மதித்த அந்த மனிதர்களை, ஊசிக்குப் பிந்திய காத்திருப்புகளில் நான் அடிக்கடி நினைத்ததுண்டு.

அக்டோபரில் ஊசி தொடங்கியது. வாரம் ஒன்றாக 12 வாரம், ஒரு மைக்ரோகிராமின் சிறு பின்னத்தில் தொடங்கி 100 மைக்ரோகிராம் வரை; அது ஏறக்குறைய இரண்டு தேனீக் கொட்டுக்குச் சமம் என்றார்கள். ஒவ்வோர் ஊசிக்குப் பிறகும் ஒரு மணி நேரம் அங்கேயே இருக்க வேண்டும். ஏழாவது வாரம் கை முழங்கை வரை வீங்கியது. தாதி நாடாவால் அளந்து குறித்து, அடுத்த வாரம் அளவைக் கூட்டாமல் அதையே திரும்பப் போட்டார். எட்டிப் பிடித்த படியிலேயே ஒரு வாரம் நின்றது அன்று தோல்வி போலத் தெரிந்தது. சளி காய்ச்சலோடு போனால் திருப்பி அனுப்புவார்கள், எனவே புறப்படுமுன் தொலைபேசியில் கேளுங்கள். இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்கள் அதன் பெயரை முதல் நாளே சொல்லுங்கள். அவற்றில் சில இந்தச் சிகிச்சைக்கு ஒத்துவராதவை.

அவசரத்தில் தொடையில் நாமே குத்திக்கொள்ளும் அட்ரினலின் பேனா பற்றி ஓர் எச்சரிக்கை. எனக்கு எபிபென் என்ற வகையில் பயிற்சி தந்தார்கள். மருந்தகத்தில் அது இருப்பு இல்லையென்று ஜெக்ஸ்ட் என்ற வேறு வகையைத் தந்தார்கள். ஒன்றுக்கு நீல மூடி, மற்றதற்கு மஞ்சள் மூடி. நாக்குத் தடிக்கும் நேரத்தில் விளக்கத்தாளை வாசிக்க முடியாது. கையில் எது இருக்கிறதோ அதற்குரிய ஊசியில்லாப் பயிற்சிப் பேனாவைக் கேட்டு வாங்கி, வீட்டிலுள்ள எல்லோரும் ஒருமுறை தொடையில் குத்திப் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் பன்னிரண்டு வயது மகள்தான் முதலில் சரியாகச் செய்தாள்.

இப்போது எட்டு வாரத்துக்கு ஓர் ஊசி. குறைந்தது மூன்று வருடம் தொடர வேண்டும். இந்தச் செப்டம்பரில் பிளம் மரத்தடியில் கணுக்காலில் கொட்டு வாங்கினேன். பேனாவைக் கையில் பிடித்தபடி படியில் குந்தியிருந்தேன். மனைவி ஐந்து நிமிடத்துக்கொரு தடவை நேரத்தைத் தாளில் எழுதினாள். ஒரு நாணய அளவு வீக்கம், கொஞ்சம் எரிச்சல், அவ்வளவுதான். அடுத்த ஊசிக்குப் போனபோது அந்தத் தாளையும், மஞ்சள் கறுப்பு வரியோடு செத்துக் கிடந்த குளவியைத் தீப்பெட்டிக்குள் வைத்தும் கொண்டுபோனேன். நிபுணர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, கோப்பில் நேரத்தோடு எழுதிக்கொண்டார்.